அண்டை அயல்: எள்ளும் வெல்லமும்

கோவையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மும்பை நோக்கிச் செல்லும் வண்டிகள் புனே நிலையத்தில் வந்து நிற்குங்கால், ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் பருவத்தில், நம்மவர் குடும்பங்கள் சில வந்திறங்குவதைக் காண்கிறோம். ஒரு கையில் குழந்தை. மறு கையில் அட்டைப் பெட்டியில் கட்டிய கிரைண்டர். தோளில் ஊர் அரிசி. இறங்கியவர்கள் நமது விசாரணைச் சாளரத்தின் அருகே வந்து, உள்ளிருப்பவர் தமிழர் என்று அறிந்ததும் முகம் மலர்கின்றனர். வாடகை வீடு எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளி நன்று, இட்லி அரிசி எந்தக் கடையில் விற்கும் என்று அடுக்கடுக்காக வினவுகின்றனர். நாமும் அறிந்தவற்றைக் கூறி அனுப்புகிறோம்.

ஆயின் ஒரு வினாவை மட்டும் எவரும் கேட்பதில்லை. எதிர்வீட்டார் எவ்வாறு வாழ்கின்றனர், அவர்தம் வழக்கம் யாது என்பதே அது. பதினோராண்டுகளுக்கு முன் இந்நகரில் வந்திறங்கியபோது நாமும் கேட்டோமில்லை. கேளாமையின் விலையாக ஓராண்டுக் காலம் நல்ல அயலார் ஒருவரை இழந்திருந்தோம். அவ்வரலாற்றை இறுதியிற் கூறுவோம். புதிதாய்க் குடியேறும் இல்லத்தார்க்குப் பயன்படும் சில செய்திகளை முதலில் சொல்லிவிடுவோம்.

ஊரின் பெயர்களே நமக்கு அந்நியமல்ல. பழைய புனே நகரம் பேட்டைகளால் ஆனது. நம் சைதாப்பேட்டையிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் உள்ள அதே பேட்டைதான் இங்கே 'பேட்' என வழங்குகின்றது. சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், சனிவார், ரவிவார் என வாரத்தின் ஏழு கிழமைக்கும் ஏழு பேட்டைகள் உள. முகவரி கேட்கும்போது 'புதன்கிழமைக்கு எப்படிப் போவது?' என்று நம் குழந்தைகள் நகைப்பதுண்டு.

அடுத்தது விளிச்சொல். பழகாத காதுக்கு இவற்றிற் சில வியப்பை அளிக்கும். 'காகா' என்று ஒருவரை அழைத்தால் நாம் வானத்தை நோக்குகிறோம். இங்கே அது சிற்றப்பாவைக் குறிக்கும் சொல். சிற்றன்னையார் 'காகூ'. 'தாயீ' என்பது தாயன்று, தமக்கை. அன்னையை 'ஆயி' என்பர். பாட்டி 'ஆஜி', பாட்டனார் 'ஆஜோபா', அண்ணியார் 'வஹினி'. மாமா மட்டும் இரு மொழியிலும் மாமாவே. 'தாதா' என்பது மூத்த சகோதரர். ஆதலின் நரைத்த பெரியவரை நாம் பழக்கத்தால் 'தாத்தா' என்றழைத்தால், தம்மை அண்ணன் என்று அழைத்ததாகக் கருதி அவர் மகிழ்ந்துபோவார்! எவரையும் வெறும் பெயரிட்டு விளியாமல் இவ்வுறவுப் பெயர்களைச் சேர்த்து அழைப்பதே இங்குப் பண்பு. நமக்கு நீ, நீங்கள், தாங்கள் என்றிருப்பது போல அவர்க்கும் தூ, தும்ஹீ, ஆபண் என மூன்று நிலைகள் உள. புதிதாய் மொழி கற்போர் 'தூ' என்பதைக் குழந்தைகளுக்கென ஒதுக்கிவிடல் நலம்.

'நக்கோ' என்னும் சொல்லைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. 'வேண்டாம்' என்பது அதன் பொருள். சந்தைக்குச் செல்லும் நம்மவர் முதலில் கற்பதும் இதுவே. காய்கறிக் கடையில் அது போதும். ஆனால் வீட்டு வாயிலில் அன்போடு ஒன்றை நீட்டுபவரிடம் அதனை மட்டும் மொட்டையாகச் சொன்னால், கதவை அறைந்து சாத்தியது போல் ஒலிக்கும். நாம் இதனைப் பட்டறிந்தோம்.

விடைபெறுங்கால் சொல்லும் சொல்லைக் கேட்டால் தமிழர் உள்ளம் குளிரும். நாம் 'போகிறேன்' என்று கூறாது 'வருகிறேன்' என்போம் அன்றோ? மராட்டியரும் அவ்வாறே. ஆடவர் 'யேதோ' என்பர். பெண்டிர் 'யேதே' என்பர். வருகிறேன் என்பதே பொருள். வீட்டார் 'யா', அதாவது வாருங்கள், என விடையளிப்பர். போகும்போது வரவைச் சொல்லும் இந்நாகரிகம் இரு இனத்திற்கும் பொதுவாயிருப்பதை எண்ணி எண்ணி வியந்திருக்கிறோம்.

நிற்க. இனி நேரத்தைப் பற்றிப் பேசுவோம். பழைய பேட்டைகளில் நண்பகல் 1 மணி முதல் 4 மணி வரை துயிலுக்குரிய காலம் என்பது புனேக்காரரைப் பற்றி மகாராட்டிரம் முழுவதும் வழங்கும் பேச்சு. அவர்களே அதனைச் சொல்லிச் சிரிப்பர். அந்நேரத்தில் அழைப்பு மணியை அழுத்துதல் தகாது. சில கடைகளும் அப்போது கதவடைத்திருக்கும். 'எங்கே வண்டி நிறுத்தலாகாது, யார் மணியடிக்கலாகாது' என்று குத்தலும் நகைச்சுவையும் கலந்து எழுதிய பலகைகளை வாயில்களிற் காணலாம். 'புனேரிப் பாட்டி' எனப் புகழ்பெற்ற அப்பலகைகள் யாரையும் இழிவு செய்வதற்காக எழுதப்பட்டவையல்ல. படித்துச் சிரித்துவிட்டு, அவற்றிற் கண்டபடி நடந்துகொள்ளல் வேண்டும். ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டிலும் பகலுணவின் பின் சிறுதுயில் கொள்ளும் வழக்கமுண்டு. அதனைச் 'சியெஸ்தா' என்பர். ஆதலின் இதனைச் சோம்பல் எனக் கொள்ளாமல் ஊரின் நாடித்துடிப்பு எனக் கொள்வதே முறை.

உணவுக்கு அழைக்கப்பட்டால் மற்றொரு குழப்பம் நேரும். தட்டில் உப்பு நடுவே தலைப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் எலுமிச்சைத் துண்டு, துவையல், நம் கோசுமல்லியின் உடன்பிறப்பான கோசிம்பீர், வலப்பக்கம் கறிவகைகள். முதலில் சிறு குவியலாகச் சோறும், அதன்மேல் 'வரண்' என்னும் மசித்த பருப்பும், நெய்யும் வரும். 'சோறு இவ்வளவுதானா!' என்று நம்மவர் மனம் கலங்கும். கலங்க வேண்டா. அடுத்து 'போளி' வரும் என்பர். இனிப்பை எதிர்பார்த்து அமர்ந்திருந்தால் சப்பாத்தி வந்து நிற்கும்! புனேயின் பல இல்லங்களில் சப்பாத்தியையே போளி என்பர். நாம் கருதும் இனிப்புப் போளி 'புரண்போளி' எனப்படும். சப்பாத்திக்குப் பின் மீண்டும் சோறு வரும். ஆகவே, முதற்சோற்றை இறுதிச்சோறென அஞ்சாது உண்க.

ஆண்டின் நாள்களுள் முதன்மையானது குடீ பாட்வா. சைத்ர மாத வளர்பிறையின் முதல் நாளாகிய அது, மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். அவர்க்கு அதுவே புத்தாண்டு. மூங்கிற் கழியின் நுனியிற் பட்டுத்துணியும் வேப்பிலையும் மலர்மாலையும் சருக்கரை வில்லை மாலையும் கட்டி, மேலே செம்பைக் கவிழ்த்து, வாயிலிலோ சாளரத்திலோ உயர்த்தி நிறுத்துவர். வேப்பிலையும் வெல்லமும் கூட்டி உண்பர். நாம் சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி செய்வது போன்றதே இது. ஸ்பெயின் நாட்டார் டிசம்பர் 31 நள்ளிரவில் மணி அடிக்க அடிக்க ஒவ்வொன்றாக 12 திராட்சைகளை உண்டு ஆண்டைத் தொடங்குவராம். இனிப்பை மட்டும் அவர் உண்ண, கசப்பையும் கலந்து உண்பவர் நாமும் மராட்டியரும்.

ஆஷாட மாதத்தில் பண்டரிபுரம் செல்லும் வார்கரி அடியார்கள் இந்நகர் வழியே வருவர். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கும், தேஹூவிலிருந்து துக்காராமர் பல்லக்கும் புனேயில் இரண்டு இரவுகள் தங்கும். அடியார் ஒருவரையொருவர் 'மாவுலி' என்றழைப்பர். அன்னை என்பது பொருள். சிறியவர் பெரியவர் என்று பாராது ஒருவர் காலை ஒருவர் தொடுவர். நம் காலையும் ஒருவர் தொட வந்தால் பின்வாங்காது, நாமும் குனிந்து அவர் காலைத் தொடுதலே மறுமொழி. பிறகு கணபதி விழா. 1893-இல் திலகர் அதனைப் பொதுவிழாவாக வளர்த்த செய்தியை அறியாதார் இலர். அயலார் இல்லத்தில் ஆரத்திக்கு அழைத்தால் ஐந்து நிமிடமேனும் சென்று நிற்றல் வேண்டும். அவர் தரும் மோதகம் நம் கொழுக்கட்டையே.

தசரா நாளின் வழக்கத்தைச் சற்று விரித்துரைப்போம். ஏனெனில் நம்மவர் பலர் அதில் தவறுகின்றனர். அன்று மாலை அயல்வீட்டுச் சிறுவர் வந்து இரு பிளவாய்ப் பிளந்த இலை ஒன்றைக் கையிற் கொடுத்து, காலைத் தொட்டு வணங்குவர். 'பொன்னைப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்பர். அவ்வடிவுடைய 'ஆப்டா' இலையே அன்று பொன். அதனைக் குப்பையென எண்ணிக் கூடையில் இட்ட இல்லத்தாரை நாம் அறிவோம். ஆப்டா மரம் வேறொன்றுமன்று. தமிழில் அதனை ஆத்தி என்போம். சோழ மன்னர் சூடிய ஆத்திமாலையை நினைவுகூர்க. சோழர்க்குப் பூவாய் இருந்தது மராட்டியர்க்கு இலையாய், பொன்னாய் வழங்குகின்றது. அதனைப் பெறும்போது குழந்தையின் தலையைத் தொட்டு வாழ்த்தி, கையில் ஓர் இனிப்பை வைத்தால் போதும்.

இனி, நாம் கூறுவதாகச் சொன்ன வரலாற்றிற்கு வருவோம்.

நாம் வந்த இரண்டாம் ஆண்டு அது. பழைய பேட்டை ஒன்றில் மாடிப்பகுதியில் குடியிருந்தோம். நடையின் எதிர்ப்புறம் ஒரு மராட்டியக் குடும்பம். அவ்வீட்டு அம்மையாரை நம் இல்லாள் 'தாயீ' என்பாள். உறைமோர் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் போய்வரும். தண்ணீர் வரும் நேரம் தவறினால் அவர் கதவைத் தட்டி எழுப்புவார். அவ்வாண்டுப் பொங்கலுக்கு ஊரிலிருந்து நம் அன்னையார் வந்திருந்தார். தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

காலையிற் பொங்கலிட்டோம். மாலையில் எதிர்வீட்டு அம்மையார் வந்தார். உடுத்தியிருந்தது கறுப்புச் சேலை. கையிலிருந்த டப்பாவைத் திறந்து ஓர் எள்ளுருண்டையை எடுத்தார். வாயிலில் நின்ற நம் இல்லாளைக் கடந்து, கூடத்தில் அமர்ந்திருந்த அன்னையாரிடம் நேரே சென்று, 'ஆஜி' என்றழைத்து, அதனை நீட்டி ஏதோ கூறினார்.

அன்னையாரின் நிலையைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பண்டிகை நாளிற் கறுப்புடை. கையிலோ எள். நம் குடும்பத்தில் எள்ளைக் கையில் எடுப்பது அமாவாசைக்கும் திதிக்கும். அதனைக் கையிற் கொடுத்தால் பகை வரும் என்பதும் நம் முன்னோர் நம்பிக்கை. அன்னையார் இரு கைகளையும் முந்தானையுள் மறைத்துக்கொண்டு எழுந்து உள்ளே சென்றுவிட்டார். திகைத்து நின்ற நம் இல்லாள், தான் அறிந்த மராட்டிச் சொல்லாகிய 'நக்கோ' என்பதைச் சொன்னாள்.

அம்மையார் டப்பாவை மூடிக்கொண்டு திரும்பினார். சண்டையிட்டாரில்லை, ஒரு சொல்லும் உரைத்தாரில்லை. மறுநாள் முதல் உறைமோர் நின்றது. தண்ணீர் நேரத்துக் கதவுத் தட்டலும் நின்றது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அவர் ஒதுங்கி வழிவிட்டுச் சென்றார். நாமோ, 'இவ்வூரார் செருக்குடையவர்' என்று உறவினர்க்கெல்லாம் சொல்லி வைத்தோம். இதனை இன்று எழுத நாணுகிறோம். எனினும் எழுதாதிருத்தல் நேர்மையன்று.

ஓராண்டு சென்றது. மீண்டும் பொங்கல் நாள் வந்தது. அன்று பணிக்குச் சென்றிருந்தோம். உடன் பணியாற்றும் மராட்டிய நண்பர் ஒவ்வொருவர் கையிலும் எள்ளுருண்டை ஒன்றை வைத்து, சென்ற ஆண்டு நாம் பொருள் அறியாது கேட்ட அதே தொடரைக் கூறிக்கொண்டு வந்தார். நாம் பொருள் வினவினோம். 'எள்ளும் வெல்லமும் கொள்ளுங்கள். இனிமையாகப் பேசுங்கள்' என்பதே அதன் பொருள் என்றார். நாம் பொங்கலிடும் தை முதல் நாளே அவர்க்கு மகர சங்கராந்தி. குளிர்ப்பருவத்தில் எள்ளும் வெல்லமும் உடலுக்கு வெம்மை தரும். கறுப்புத் துணி வெயிலின் சூட்டை ஈர்த்து வைக்கும். ஆகவே ஏனைய பண்டிகைகளில் விலக்கும் கறுப்பை அந்நாளில் விரும்பி அணிவர். புதுமணப்பெண்ணுக்குக் கறுப்புச் சேலை உடுத்தி, சருக்கரை மணிகளாற் செய்த நகைகளைப் பூட்டி மகிழ்வர். ஓராண்டில் நேர்ந்த மனக்கசப்பையெல்லாம் அன்று எள்ளுருண்டை கொடுத்துத் தீர்த்துக்கொள்வர். பேச்சற்றுப் போனவரிடமும் கொடுப்பர்.

'அதனை ஒருவர் வாங்க மறுத்தால்?' என்றோம்.

'உம்மோடு பேச மாட்டேன் என்று பொருள்' என்றார் நண்பர்.

அவர் மேலும் ஒரு செய்தி கூறினார். சங்கராந்தி முதல் இரத சப்தமி வரை மராட்டிய இல்லங்களில் மஞ்சள் குங்கும விழா நடைபெறும். மகளிரை அழைத்து நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, 'வாண்' என்னும் சிறு பரிசு ஒன்றும் தருவர். பழைய வழக்கின்படி அதற்குச் சுமங்கலிகளையே அழைப்பர். எள்ளுருண்டை அவ்வாறன்று. சிறுவர், முதியவர், ஆடவர், கணவரை இழந்தோர் அனைவர்க்கும் உரியது அது.

அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. அவ்வம்மையார் நம் இல்லாளைக் கடந்து அன்னையாரிடம் முதலிற் சென்றது தற்செயலன்று.

அவ்வாண்டும் அன்னையார் பொங்கலுக்கு வந்திருந்தார். மாலையில் வீடு திரும்பி அனைத்தையும் எடுத்துரைத்தோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, 'உன் தகப்பனார் போனபிறகு நல்லநாள் என்றால் நானே பின்கட்டில் நின்றுகொள்வேன். யாரும் முதலில் என் கையில் ஒன்றும் வைத்ததில்லை. அவள் என்னைத் தேடியா வந்தாள்?' என்றார். 'ஆனால் அந்தக் கறுப்பு...' என்று மீண்டும் தயங்கினார். 'அம்மா, சபரிமலைக்கு மாலையணிந்தவர் கறுப்புடுத்தி வந்தால் சாமி என்று கைகூப்புகிறீர்களே. மகரவிளக்கும் இதே நாளில்தானே?' என்றோம். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. அடுக்களைக்குள் சென்று, ஒரு கிண்ணத்திற் சருக்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு, தாமே நடையைக் கடந்து எதிர்க்கதவைத் தட்டினார்.

அன்னையாருக்கு மராட்டி தெரியாது. கதவு திறந்ததும் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, வெறுங்கைகள் இரண்டையும் சேர்த்து ஏந்தி நின்றார். அம்மையார் ஒரு கணம் நோக்கினார். உள்ளே சென்று டப்பாவோடு வந்து, எள்ளுருண்டையைக் கையில் வைத்து, அத்தொடரை மீண்டும் சொன்னார். அன்னையார் அதனை அங்கேயே வாயிலிட்டுக்கொண்டு, 'நன்றாயிரு மகளே' என்று தமிழில் வாழ்த்தினார். மறுநாட் காலை கிண்ணம் திரும்பி வந்தது. நம் ஊரைப் போலவே இங்கும் வெறுங்கிண்ணம் திரும்புவதில்லை. அதில் உறைமோர் இருந்தது.

அன்பர்களே, நம் வழக்கத்தைக் கைவிட்டுப் பிறர் வழக்கத்தை மேற்கொள்ளுமாறு நாம் கூறவில்லை. நம் இல்லத்தில் இன்றும் தை முதல் நாளில் மஞ்சட்கொத்து கட்டிய பானையிற் பொங்கல் பொங்குகின்றது. நாம் வேண்டுவது ஒன்றே. நம் சகுன நூலைக் கொண்டு அயலாரின் அன்பை அளத்தல் ஆகாது. பொருளைக் கேட்டறிக, அதன்பின் ஏற்பதும் மறுப்பதும் உம் விருப்பம். கேளாது மறுப்பவர் பொருளை மறுப்பதாக எண்ணுகிறார். எதிரில் நிற்பவரோ தம்மையே மறுத்ததாகக் கொள்கிறார்.

வரலாற்றையும் நினைவில் கொள்வோம். சிவாஜியின் தம்பி வெங்கோஜி 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் ஆட்சி அமைத்தார். அவர் மரபினர் 1855 வரை அங்கே இருந்தனர். இரண்டாம் சரபோஜி தம் குலவரலாற்றை 1803-இல் தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் மராட்டியிற் பொறிக்கச் செய்தார். நம் கோயிற் சுவரில் அவர்தம் மொழிக்கு இடமிருந்தது. இன்று அவர்தம் மாடிக்குடியில் நமக்கு இடமிருக்கின்றது.

இறுதியாக, நம் மகளிர் சிந்தனைக்கு ஒன்று. கணவரை இழந்தோரை மங்கல விழாக்களில் ஒதுக்கி நிறுத்துவதில் மராட்டியரும் நாமும் ஒரே தவற்றைச் செய்து வந்துள்ளோம். கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்னும் சிற்றூர் 2022 மே மாதத்தில், கைம்பெண்களுக்கு இழைக்கும் சடங்குகளை நிறுத்துவதென ஊராட்சித் தீர்மானம் இயற்றிற்று. ஏனைய ஊர்களும் அதனைப் பின்பற்றுமாறு மாநில அரசு அதே மாதத்தில் அறிவுறுத்திற்று. வரும் நவராத்திரிக் கொலுவுக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்க அழைக்குங்கால், பின்கட்டில் ஒதுங்கி நிற்கும் நம் அன்னையரையும் முன்கூடத்திற்கு அழைப்போமா? எதிர்வீட்டு அம்மையார் நமக்கு அதனைச் செய்து காட்டினார்.

அன்னையார் இப்பொழுது ஊரிலேயே இருக்கிறார்; நெடும்பயணம் அவர் உடலுக்கு ஒவ்வுவதில்லை. சனவரித் திங்களில் எதிர்வீட்டிலிருந்து ஒரு சிறு டப்பா நம்மிடம் வருகின்றது. ஊருக்குச் செல்லும் அன்பர் எவரேனும் அகப்பட்டால் அவர் கையில் அதனைக் கொடுத்தனுப்புகிறோம். சென்ற ஆண்டு எவரும் அகப்படவில்லை. டப்பா வந்து சேரவில்லையே என்று அன்னையார் தொலைபேசியில் இருமுறை கேட்டார். வரும் சனவரியில் கும்பகோணம் பக்கம் செல்வோர் எவரேனும் இருப்பின் சங்க அலுவலகத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். சுமை அதிகமில்லை.

அடுத்த திங்கள், மராட்டியத் திருமணத்திற்கு அழைக்கப்பட்டால் நடந்துகொள்ளும் முறை பற்றி எழுதுவோம்.